பாட்டுக்கு எதற்குக் கவிதைப் பட்டம்?

2024 பிப்ரவரி 21ஆம் தேதி மாலை, பாரிஸ் நகரின் பாந்தியோன் மண்டபத்துக்குள் மிசாக் மனூஷியானின் பேழையும் அவர் மனைவி மெலினேயின் பேழையும் கொண்டுசெல்லப்பட்டன. விக்டர் ஹ்யூகோவும் எமில் ஸோலாவும் உறங்கும் இடம் அது. மனூஷியான் ஓர் ஆர்மீனிய அகதி, ஆலைத் தொழிலாளி, கவிஞர். நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஒரு குழுவின் தலைவர். சரியாக 80 ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில் அவரும் தோழர்கள் 21 பேரும் பாரிஸை அடுத்த மோன்-வலேரியனில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தண்டிக்கப்பட்டவர்களில் ஒரே பெண்ணான ஓல்கா பான்சிக்கை ஜெர்மனிக்குக் கொண்டுபோய் மே மாதத்தில் தலையை வெட்டினார்கள். இவர்களில் பத்துப் பேரின் முகங்களையும் வாயில் நுழையாத அவர்களுடைய பெயர்களையும் சிவப்புப் பின்னணியில் அச்சிட்டு ஊரெங்கும் ஒட்டியது ஜெர்மன் தரப்பு. இந்த அந்நியர்களா உங்களை விடுவிக்க வந்தவர்கள் என்று பிரெஞ்சு மக்களைக் கேட்பதே அதன் நோக்கம். பாந்தியோன் வாசலில் அன்று மாலை பாடப்பட்ட பாட்டின் பெயர் ‘லாஃபிஷ் ரூஜ்’, அதாவது ‘சிவப்புச் சுவரொட்டி’. மனூஷியான் மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தை வைத்து லூயி அரகோன் 1955இல் எழுதிய கவிதை அது. ஆனால், அரகோன் அதற்கு வைத்த தலைப்பு வேறு. ‘நினைவில் வைப்பதற்கான பத்திகள்’ என்று பொருள்படும் அடக்கமான தலைப்பு அது. 1961இல் லெயோ ஃபெரே மெட்டமைத்துப் பாடியபோதுதான் சுவரொட்டியின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. இன்று அச்சில் உள்ள கவிதையைக்கூட பெரும்பாலோர் பாட்டின் பெயரைச் சொல்லித்தான் தேடுகிறார்கள்.

இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததும், பாட்டு கவிதையின் உயரத்துக்கு ஏறிவிட்டது என்று சொல்லத் தோன்றும். பிரான்ஸில் இந்தப் பேச்சுக்கு நீண்ட வரலாறு உண்டு. பியேர் சேகெர்ஸ் என்ற பதிப்பாளர் ‘இன்றைய கவிஞர்கள்’ என்ற புகழ்பெற்ற நூல்வரிசையில் 1962இல் ஃபெரேயையும், 1963இல் ஜார்ஜ் பிராசன்ஸையும், 1964இல் ஜாக் பிரெலையும் சேர்த்தார். எலுவார் போன்ற கவிஞர்களின் அலமாரியில் கிட்டார்க்காரர்களா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. பின்னர் பாடகர்களுக்கென்று தனி வரிசை ஒன்றே தொடங்கப்பட்டது. 1967இல் பிரெஞ்சு அகாதெமி தன் கவிதைப் பரிசைப் பிராசன்ஸுக்குக் கொடுத்தது. 1983இல் அதே அகாதெமி பாடகர் ஷார்ல் த்ரெனேயை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. 2016இல் பாப் டிலனுக்கு நோபல் கிடைத்தபோது பிரான்ஸிலும் பழைய வாதங்கள் தூசி தட்டப்பட்டன. கேள்வி எப்போதும் ஒன்றுதான்: பாட்டு கவிதையா, இல்லையா? ஆம் என்பவர்கள் பாட்டின் நண்பர்கள், இல்லை என்பவர்கள் எதிரிகள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எனக்கோ ‘ஆம்’ என்கிற நண்பர்களிடம்தான் வழக்கு. செருப்பைக் கழற்றுவதுபோல் மெட்டை வாசலில் விட்டுவிட்டு, சொற்களை மட்டும் உள்ளே அழைத்துப் பொன்னாடை போர்த்தும் மரியாதை அது. அச்சிட்ட பக்கத்தில் ஒரு பாட்டு நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது, ஒருவரின் நடையழகை அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படத்தைப் பார்த்து மதிப்பிடுவதற்குச் சமம். பிராசன்ஸே தன்னைக் கவிஞர் என்று சொல்லிக்கொள்ளத் தயங்கினார். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். என் பார்வையில் அது தொழில் தெரிந்தவரின் துல்லியம்.

பிரெஞ்சுப் பாட்டு மரபில் உலகம் முழுவதும் அறிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘லே ஃபேய் மோர்த்’, உதிர்ந்த இலைகள். எழுதியவர் ஜாக் பிரெவர், அவர் சந்தேகமில்லாமல் கவிஞர். 1946இல் பரவலாக வெளிவந்த ‘பரோல்’ தொகுப்பு பிரெஞ்சுக் கவிதை நூல்களிலேயே மிக அதிகம் விற்றவற்றுள் ஒன்று. ஆகவே கவிஞர் கவிதை எழுதினார், இசையமைப்பாளர் அதைப் பாட்டாக்கினார் என்றுதான் எவரும் ஊகிப்பார்கள். நடந்தது தலைகீழ். ரோலான் பெத்தி 1945இல் மேடையேற்றிய ஒரு பாலே நாட்டியத்துக்காக ஜோசஃப் கோஸ்மா இசை எழுதினார். அதில் பிறந்த மெட்டுக்குப் பின்னர் பிரெவர் சொல் போட்டார், மார்செல் கார்னே 1946இல் எடுத்த ‘லே போர்த் த லா நுய்’ படத்துக்காக. மெட்டுக்குப் பாட்டெழுதுவதைக் கூலி வேலை என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இந்தத் தேதிகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். படம் தோற்றது. மார்லீன் தீத்ரிஷும் ழான் கபேனும் நடிப்பதாக இருந்து விலகிக்கொள்ள, ஈவ் மோந்தான் என்ற அனுபவமில்லாத இளைஞர் நாயகனானார். பாட்டும் படத்தில் முழுதாக ஒலிப்பதில்லை. முணுமுணுப்பாக, மௌத் ஆர்கனில், துண்டு துண்டாகத்தான் வந்து போகும். படம் மறைந்து பாட்டு நின்றது. மோந்தான் பின்னால் பதிவுசெய்த இசைத்தட்டும், ஜூலியெத் கிரெக்கோவின் குரலும் அதை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தன. 1961இல் செர்ஜ் கேன்ஸ்பூர் அந்தப் பாட்டைப் பற்றியே இன்னொரு பாட்டு எழுதினார். இந்தப் பயணத்தில் எந்த இடத்தில் நின்று ‘இதுதான் கவிதை, மற்றதெல்லாம் அலங்காரம்’ என்று கோடு போடுவது?

அதைவிட விசித்திரமான சான்று பிராசன்ஸிடம் இருக்கிறது. அரகோன் போர்க்காலத்தில் எழுதிய, மகிழ்ச்சியான காதல் என்று ஒன்று கிடையாது என்னும் கருத்துடைய கவிதைக்கு 1950களின் தொடக்கத்தில் அவர் மெட்டமைத்தார். அரகோன் கம்யூனிஸ்ட். கொஞ்ச காலத்திலேயே பிராசன்ஸ் ஃபிரான்சிஸ் ஜாம் என்ற கத்தோலிக்கக் கவிஞரின் ஒரு மாதா பிரார்த்தனையையும் பாடினார். இரண்டுக்கும் மெட்டு ஒன்றேதான்! பாடியவரோ கடவுள் நம்பிக்கையில்லாத அராஜகவாதி. மெட்டுப் பஞ்சம் என்று எள்ளி நகையாடலாம். ஆனால், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தால் எள்ளல் அடங்கிவிடும். கம்யூனிஸ்டின் காதல் வருத்தத்துக்குள் ஒரு ஜெபத்தின் தொனி இருப்பதும், பக்தரின் ஜெபத்துக்குள் ஒரு மனிதத் துயரம் முனகுவதும் அந்த ஒரே மெட்டினால் நம் காதுக்குப் பிடிபடுகின்றன. இரு கவிதைகளையும் பக்கம் பக்கமாக அச்சிட்டு எத்தனை ஒப்பாய்வு எழுதினாலும் இந்த உறவை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. மெட்டு இங்கே கவிதைக்குப் போட்ட சட்டை என்று நான் கருதவில்லை. ஒரு வாசகன் இரண்டு கவிதைகளைப் படித்துவிட்டுச் சொன்ன கருத்து அது. சொல்லால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரே மெட்டு இரண்டுக்கும் எப்படிப் பொருந்துகிறது என்பதற்குப் பிரெஞ்சு மொழியின் அமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. இரண்டு கவிதைகளும் பன்னிரண்டு அசை கொண்ட ‘அலெக்ஸாந்திரன்’ அடியில் அமைந்தவை. இந்த அசைக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. சொல்லின் கடைசியில் எழுதப்படும் ‘எ’ ஒலியைப் பேச்சில் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். செய்யுளிலோ, அடுத்து ஒரு மெய்யொலி வந்தால் அதை ஒரு முழு அசையாக எண்ணியாக வேண்டும். பேச்சில் ‘மோர்த்’ என்று ஒரே அசையாகப் போகும் சொல், செய்யுளில் ‘மோர்-த’ என ஈரசையாகிவிடும். தளை தட்டும் இடத்தில் குற்றியலுகரத்தை அலகிடாமல் விடலாம் என்று நம் யாப்பு நூலார் சலுகை கொடுத்தார்கள் அல்லவா, அதற்கு நேர் எதிரான கண்டிப்பு இது. விளைவு என்னவென்றால், இன்றைய பிரெஞ்சுக்காரர் ஒருவர் ரசீனையோ போதலேரையோ தனக்குப் பழக்கமான பேச்சு நடையில் வாசித்தால் அடி உடைந்துவிடும். அசையை எண்ணி வாசித்தால் நாடகக் கொட்டகை வாடை அடிக்கும். பாட்டில் இந்தத் தர்மசங்கடமே இல்லை. அந்த ஊமை ‘எ’வுக்கு இசையமைப்பாளர் ஒரு சுரத்தைக் கொடுத்துவிடுகிறார், பாடுகிறவர் அதை இயல்பாக நீட்டிவிடுகிறார். யாப்பு என்ற சொல்லையே கேள்விப்படாத மளிகைக் கடைக்காரரும் பிராசன்ஸைப் பாடும்போது அசை பிசகாமல் பதினேழாம் நூற்றாண்டுச் செய்யுள் விதியைக் கடைப்பிடிக்கிறார். கவிஞர்களோ இதற்கிடையில் வேறு பக்கம் போய்விட்டார்கள். அப்போலினேர் 1913இல் ‘அல்கோல்’ தொகுப்பில் நிறுத்தற்குறிகளை எல்லாம் எடுத்தெறிந்தார். அதைத் தொடர்ந்து எதுகையும் அசைக்கணக்கும் இலக்கிய இதழ்களிலிருந்து மெல்ல வெளியேறின. வெளியேறியவை எங்கே குடிபோயின? பாட்டுக்குள். போர்க்காலத்தில் எதுகையை மீட்க வேண்டும் என்று கட்டுரையே எழுதிய அரகோனை ஃபெரே, பிராசன்ஸ், ழான் ஃபெரா என்று ஆளாளுக்கு எடுத்துப் பாடியது தற்செயல் அல்ல. அவர் மற்றவர்களைவிடப் பெரிய கவிஞர் என்பதைவிட, காதுக்காக எழுதியவர் என்பதே காரணம்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். மெட்டமைப்பவர்கள் கவிதையைச் சிதைக்கிறார்களே? சிதைக்கிறார்கள் என்பது உண்மை. மேலே சொன்ன அரகோன் கவிதையின் கடைசிப் பத்தியைப் பிராசன்ஸ் பாடவேயில்லை. தனிமனிதக் காதலின் துயரத்தைத் தாய்நாட்டுப் பற்றோடு இணைக்கும் பத்தி அது. 1943இல் ஜெர்மானியர்கள் பாரிஸில் இருந்தபோது அந்தக் கவிதை எழுதப்பட்டதற்கே அந்தப் பத்திதான் முகாந்திரம் என்றுகூட வாதிடலாம். அதை வெட்டியபின் எஞ்சுவது தூய காதல் சோகம். கவிதையின் அரசியலையே ஒரு கத்தரிக்கோல் மாற்றிவிட்டது என்று அரகோனின் வாசகர் கோபப்பட்டால் அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், அரகோன் என்ன நினைத்தார்? ஃபெரே தன் கவிதைகளைப் பாட்டாக்கியதைப் பற்றி எழுதும்போது, மெட்டமைப்பதே கவிதை விமர்சனத்தின் உயர்ந்த வடிவம் என்ற கருத்தை முன்வைத்தார். விமர்சகன் எதையோ தேர்ந்தெடுக்கிறான், எதையோ விடுகிறான், ஓரிடத்தில் குரலை உயர்த்துகிறான். தவறாகப் படிக்கும் உரிமையும் அவனுக்கு உண்டு. கவிதை புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. வேண்டுமென்பவர் போய்க் கடைசிப் பத்தியைப் படித்துக்கொள்ளலாம். பரிமேலழகர் உரை பிடிக்கவில்லை என்பதற்காகத் திருக்குறள் கெட்டுப்போகவில்லையே. ஃபெரே ‘சிவப்புச் சுவரொட்டி’யைக் கருவியிசை இல்லாமல், பின்னால் குழுவாக ஒலிக்கும் குரல்களை மட்டும் துணைக்கு வைத்துப் பாடினார். சுடப்படப்போகும் மனிதர்களின் வரிசை நம் கண்முன் நிற்பதற்கு அந்த வெறுமையான ஒலியமைப்புதான் காரணம். கவிதையில் எங்கும் அப்படியொரு குறிப்பு கிடையாது. அது ஃபெரேயின் வாசிப்பு. போதலேர், வெர்லேன், ரிம்போ மூவருக்கும் முழு இசைத்தட்டுகளை ஒதுக்கியவர் ஃபெரே. மனூஷியான் தன் இளமையில் நடத்திய சிற்றிதழ்களுக்காக ஆர்மீனிய மொழிக்குப் பெயர்த்ததும் இதே மூவரைத்தான். மொழிபெயர்ப்பை வாசிப்பு என்று ஏற்கும் நாம் மெட்டமைப்பதை மட்டும் ஏன் அலங்காரம் என்கிறோம்?

இரண்டாவது ஆட்சேபம் கனமானது, அதைச் சொன்னவர் பாட்டுக்காரரே. 1986 டிசம்பரில் பெர்னார் பிவோ நடத்திய ‘அப்போஸ்த்ரோஃப்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில், பாட்டு ஒரு சிறுகலை என்று கேன்ஸ்பூர் அடித்துச் சொன்னார். கட்டடக்கலை, ஓவியம், செவ்வியல் இசை, இலக்கியம் போன்ற பெருங்கலைகளுக்கு முன்பயிற்சி வேண்டும், பாட்டுக்கு வேண்டாம் என்பது அவருடைய வாதம். எதிரில் இருந்த பாடகர் கீ பெயார் கொதித்தார், வார்த்தை தடித்தது, அந்தக் காட்சி இன்றும் பேசப்படுகிறது. பெரும்பாலோர் கேன்ஸ்பூரின் திமிரைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் கவனித்த செய்தியில் தவறில்லை. பாட்டுக்கு முன்பயிற்சி தேவையில்லைதான். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் பிசகு. ஒரு கலைக்குள் நுழைவது எளிது என்பதால் அதற்குள் இருப்பது சிறியது என்று ஆகாது. மேலும் சிறிதென்று எண்ணியிருந்தால் ஆட்சியாளர்கள் இவ்வளவு அஞ்சியிருக்க மாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெராஞ்சே என்ற பாட்டெழுத்தாளரைப் பாட்டுகளுக்காகவே இருமுறை சிறையில் அடைத்தார்கள். 1954இல் இந்தோசீனாவில் தியென் பியென் ஃபூ வீழ்ந்த நேரத்தில் வெளிவந்த போரிஸ் வியானின் ‘ல தெசெர்த்தர்’ பாட்டுக்கு வானொலியில் தடை விழுந்தது. போருக்குப் போக மறுக்கும் ஒருவன் குடியரசுத் தலைவருக்கு எழுதும் கடிதம் அது. பணம் விஷயத்திலும் பாட்டு தன்னைச் சிறிதாக நினைத்துக்கொண்டதில்லை. 1847இல் பாரிஸின் ஓர் இசைக் காப்பிக்கடையில் தங்கள் பாட்டுகள் இசைக்கப்படுவதைக் கேட்ட மூன்று படைப்பாளிகள், எங்கள் சரக்குக்கு நீங்கள் காசு தராதபோது உங்கள் சரக்குக்கு நாங்கள் ஏன் தர வேண்டும் என்று பில் கட்ட மறுத்தார்கள். வழக்கு நீதிமன்றம் போய், அவர்கள் பக்கம் தீர்ப்பாகி, 1851இல் ‘சாசெம்’ என்ற ராயல்டி வசூல் சங்கம் பிறந்தது. பாட்டுக்கு ராயல்டி உண்டா என்று இன்றும் அடித்துக்கொள்ளும் நமக்கு இந்தச் செய்தி சுவையாக இருக்கலாம்.

பாட்டு என்பது சொல்லும் மெட்டும் குரலும் சேர்ந்த ஒன்று, பிரித்தால் எதுவும் மிஞ்சாது என்று நான் சொல்வதற்குச் சினிமாவைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் கிடையாது. அங்கே பாட்டுக்கு முகமும் தெருவும் கிடைத்துவிடுகின்றன. பேசும்படம் வந்த சூட்டோடு 1930இல் ரெனே கிளேர் எடுத்த ‘சூ லே துவா த பாரி’ படத்தின் நாயகன் ஒரு தெருப்பாடகன். பாட்டை அச்சிட்ட தாள்களை நடைபாதையில் விற்கிறான், கூட்டம் தாளைப் பார்த்தபடி கூடவே பாடுகிறது. நம்மூர் குஜிலிப் பாட்டுப் புத்தகங்களின் பாரிஸ் உறவினர்கள் அந்தத் தாள்கள். முப்பது ஆண்டு கழித்து ‘புதிய அலை’ இயக்குநர்கள் வந்தபோதும் இந்த உறவு அறுந்துவிடவில்லை. த்ரூஃபோவின் ‘தீரே சுர் ல பியானிஸ்த்’ படத்தில் நாயகன் ஷார்ல் அஸ்னவூர் என்ற பெரும் பாடகர். ஆனால், படத்தில் பாடுவது அவர் அல்ல. போபி லாப்வாந்த் என்பவர் சிலேடை மேல் சிலேடையாக அடுக்கி, மூச்சு விடாமல் ஒரு பாட்டைப் பாடித் தள்ளுகிறார். ஒரு சொல்லும் புரியவில்லை என்று தயாரிப்பாளர் முறையிட, பிரெஞ்சுப் படத்தின் பிரெஞ்சுப் பாட்டுக்குப் பிரெஞ்சிலேயே சப்டைட்டில் போட்டார் த்ரூஃபோ. சொற்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் சிரிப்பு இரட்டிப்பாகிறது. அச்சு பாட்டுக்குச் சேவகம் செய்த அபூர்வமான தருணம் அது. அவருடைய ‘பேஸே வோலே’ படத்தின் தலைப்பே த்ரெனேயின் ஒரு பழைய பாட்டிலிருந்து எடுத்ததுதான்.

ஜாக் தெமியின் ‘லே பாராப்ளுய் த ஷெர்பூர்’ 1964இல் கான் விழாவின் முதல் பரிசை வென்றது. அதில் வசனமே கிடையாது. பெட்ரோல் போடுவது, கடன் கேட்பது, மழைக்குக் குடை விற்பது எல்லாமே மிஷெல் லெக்ரானின் இசையில் பாடப்படுகின்றன. ஆரம்பத்திலேயே கார் பட்டறையில் ஒரு தொழிலாளி, எல்லாரும் பாடிக்கொண்டே இருக்கும் ஆப்பரா தனக்குப் பிடிக்காது, சினிமாதான் பிடிக்கும் என்று பாடியே சொல்லிவிடுகிறான்! கத்ரின் தெனவின் வாயசைப்புக்குக் குரல் கொடுத்தவர் தனியேல் லிக்காரி. பின்னணிப் பாடகி என்ற ஏற்பாடு நமக்குப் பழகிப்போனது, பிரெஞ்சு விமர்சகர்களுக்கு அது விளக்கம் தேவைப்பட்ட சங்கதி. இந்த மிட்டாய் நிறப் படத்தின் மையத்தில் இருப்பது அல்ஜீரியப் போர். காதலனைக் கட்டாய ராணுவ சேவைக்கு அனுப்பிவிடுகிறார்கள், காத்திருப்பு கலைந்துபோகிறது. போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நாட்டில், அதைப் பற்றி நேராகப் பேச எவருக்கும் நா எழாத நேரத்தில், தெமி அதைப் பாடவைத்தார். அந்தச் சொற்களைத் தாளில் எழுதிப் படித்தால் மிகச் சாதாரணமான உரையாடல். எந்தக் கவிதைப் பரிசுக்கும் அது தேறாது. திரையில் கேட்டால் தொண்டை அடைக்கிறது. ‘பாட்டு கவிதைதான்’ என்று சொல்பவர்கள் இந்தப் படத்தை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

அலென் ரெனே 1997இல் எடுத்த ‘ஓன் கொனே லா ஷான்சோன்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. தலைப்பின் பொருள், கிட்டத்தட்ட, ‘இந்தப் பாட்டு நமக்குத் தெரிந்ததுதானே’ என்பது. பாத்திரங்கள் பேசிக்கொண்டிருக்கையில் திடீரென்று இரண்டு மூன்று நொடிகள் பழைய இசைத்தட்டுக் குரலுக்கு வாயசைத்துவிட்டு மறுபடி பேச்சுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பாரிஸைத் தரைமட்டமாக்கு என்ற உத்தரவு ஜெர்மன் தளபதி ஃபோன் ஷோல்டிட்ஸுக்கு வரும் தொடக்கக் காட்சியில், சீருடை அணிந்த அந்த மனிதரின் வாயிலிருந்து ஜோசஃபின் பேக்கரின் குரல் வருகிறது, பாரிஸின் மீதான தன் காதலைச் சொல்லும் பெண் குரல். நாற்பது ஆண்டுகளுக்கு முன் வதைமுகாம்களைப் பற்றி ‘நுய் எ ப்ரூயார்’ எடுத்த அதே இயக்குநர் இவர் என்பதை மறந்துவிட்டு அந்தக் காட்சியில் சிரிக்க முடியாது. படத்தின் அடிப்படைக் கண்டுபிடிப்பு எளியது: மனிதர்கள் தங்கள் வாழ்க்கையின் இக்கட்டுகளில் கவிதை அடிகளை மேற்கோள் காட்டுவதில்லை, தேய்ந்துபோன பாட்டு வரிகளில்தான் யோசிக்கிறார்கள். வரி எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அவ்வளவு கச்சிதமாக அந்தத் தருணத்தில் பொருந்துகிறது. இலக்கியத்தில் குற்றமாகக் கருதப்படும் தேய்வழக்கு பாட்டில் பலமாகிவிடும் விந்தையை விளக்கக் கவிதையின் அளவுகோல் உதவாது.

சரி, இதெல்லாம் பிரெஞ்சு தெரிந்தவர்களின் உள்வீட்டு விவகாரம், சொல்லையே நம்பியிருக்கும் இந்த மரபு எல்லை தாண்டாது என்பார்கள். தாண்டியது உண்மையில் என்ன என்று பார்க்கலாம். 1967இல் குளோத் ஃபிரான்சுவா பாடிய ‘கொம் தாபித்யூத்’ அன்பு வற்றி, பழக்கத்தால் மட்டும் ஒரே கூரையின் கீழ் நாட்களைத் தள்ளும் ஒரு தம்பதியைப் பற்றியது. பால் அங்கா அதன் உரிமையை வாங்கி ஆங்கிலச் சொற்களைப் போட்டார். 1969இல் ஃபிராங்க் சினாட்ரா பாடி அது ‘மை வே’ ஆனது: வாழ்ந்து முடித்த ஒருவரின் மார்தட்டல். சுரங்கள் அவையே. ஆனால், ஒரு சோர்ந்த காலைப்பொழுது இருந்த இடத்தில் வெற்றி முழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. ‘உதிர்ந்த இலைகள்’ அமெரிக்காவில் ஜானி மெர்சரின் சொற்களோடு ‘ஆட்டம் லீவ்ஸ்’ ஆகி, பிறகு சொற்களையும் உதிர்த்துவிட்டு ஜாஸ் கலைஞர்களின் விளையாட்டுத் திடலானது. அவை அழகானவை, ஆனால் வேறு படைப்புகள். மெட்டு மட்டும் கப்பலேறிப் போகும், பாட்டு ஊரிலேயே நின்றுவிடும். எல்லை தாண்டாததைக் குறையாகச் சொல்பவர்கள் இதே குறையைக் கவிதை மீது சுமத்துவதில்லை என்பதும் வேடிக்கை.

வேறு திசையில், எல்லைகள் தாண்டி உள்ளே வந்தவர்கள்தான் இந்த மரபையே கட்டினார்கள். கோஸ்மா 1905இல் புதாபெஸ்தில் பிறந்த யூதர். 1933இல் பாரிஸ் வந்தார். ஆக்கிரமிப்புக் காலத்தில் தொழில் செய்யத் தடை இருந்ததால், 1942இல் வந்த கார்னேயின் படத்தில் அவர் இசை இன்னொருவர் பெயரில் ஒலித்தது. 1945இல் ‘லே ஸாந்ஃபான் து பாராதி’யின் தலைப்பு அட்டையில்தான், தலைமறைவாக இருந்து பங்களித்தவர் என்ற குறிப்போடு அவர் பெயர் இடம்பெற்றது. மோந்தானின் இயற்பெயர் ஈவோ லிவி; முசோலினியின் இத்தாலியிலிருந்து ஓடிவந்த குடும்பம். பிரெல் பெல்ஜியக்காரர், ஜார்ஜ் மூஸ்தாகி அலெக்ஸாந்திரியாவில் பிறந்தவர், கேன்ஸ்பூரின் பெற்றோர் ரஷ்ய யூதர்கள். அஸ்னவூரின் பெற்றோர் ஆர்மீனியர்கள். மனூஷியான் தம்பதிக்கு ஆக்கிரமிப்புக் காலத்தில் அடைக்கலம் தந்த குடும்பம் அது. பிரெஞ்சுப் பாட்டு பிரெஞ்சுப் பெருமிதத்தின் சின்னம் என்று கொடி பிடிப்பவர்களுக்கு இந்தப் பெயர்ப்பட்டியல் சங்கடமானது. 1994ஆம் ஆண்டின் சட்டம் வானொலிகளில் 40 சதவீதம் பிரெஞ்சு மொழிப் பாட்டுகள் வேண்டும் என்று விதித்து, 1996இல் நடைமுறைக்கு வந்தபோது, பழைய குரல்களைக் காக்கும் ஏற்பாடாகவே பலரும் அதைப் பார்த்தார்கள். அதில் பெரிதும் பயனடைந்தது ராப். டாக்கரில் பிறந்த எம்சி சோலார் போன்றவர்கள் வழி திறந்திருந்தார்கள். ராப் அந்த ஊமை ‘எ’வைப் பேச்சில் போலவே விழுங்குகிறது, வேண்டிய இடத்தில் மட்டும் கக்குகிறது. மூன்று நூற்றாண்டுக் கணக்கு காதோரம் மாறிக்கொண்டிருக்கிறது. இந்த மரபு வெறும் ஏக்கம், கறுப்பு வெள்ளைப் புகைப்படம் என்பவர்கள் இதைக் காதுகொடுத்துக் கேட்பதில்லை.

2024 தொடக்கத்தில், ஒலிம்பிக் தொடக்க விழாவில் அயா நகமுரா பாடக்கூடும் என்ற செய்தி கசிந்ததும் தீவிர வலதுசாரிகள் கூச்சலிட்டார்கள். பமாகோவில் பிறந்த இந்தப் பாடகி பிரெஞ்சு மொழியைக் கொச்சைப்படுத்துகிறார் என்பது குற்றச்சாட்டு. ஜூலை 26 அன்று அவர் பாடினார். பிரெஞ்சு அகாதெமி வீற்றிருக்கும் கட்டடத்திலிருந்து வெளியே வந்து, குடியரசுக் காவல்படையின் இசைக்குழு சூழ, பாலத்தின் மேல். தன் பாட்டுகளுக்கு நடுவே அஸ்னவூரின் ஒரு பாட்டையும் சேர்த்துக்கொண்டார். 1960களில் வந்த அந்தப் பாட்டு பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் வேண்டுமென்றே குழப்பி எழுதப்பட்டது. அந்தக் குழப்பம்தான் அதன் நகைச்சுவையும் அழகும்.